காய்ச்சலை மறைத்தவளுக்கு

இன்று மாலை தெற்குமாசி வீதியில் ஒரு மருந்துக்கடைக்காரர் கைதவறி ஓமத் திராவகப் புட்டி ஒன்றைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். தெருவெல்லாம் ஓமவாசனை. அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னைக்கு இந்தத் தெருவுல எவனுக்கும் வயித்துவலி வராது அண்ணே" என்று ஒருவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனவள், நிற்காமலேயே விடுதிக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் உனக்கு எழுதுவதால், என் சினம் தணிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. இறந்தவர்களைக் கோபித்துக்கொள்வது முறையன்று என்பதை நான் அறிவேன். அம்முறையை இன்று ஒருநாள் கைவிடுகிறேன்.

நாம் முதன்முதல் பேசிக்கொண்டதும் அந்த வாசனையால்தான். நர்ஸ் பயிற்சிப் பள்ளியின் விடுதிக்குள் தகரப்பெட்டியோடு நான் நுழைந்த அன்று, நீ கட்டிலின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்குமுன்பே மூக்கை உறிஞ்சினாய்.

"இங்கன யாருடி பிள்ளை பெத்தது? ஓமத்தண்ணி வாசம் வருது!"

அறையிலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வயதைக் கடந்த நான் வாசலிலேயே நின்று, "அது என் தொழிலின் வாசனை. டிஸ்பென்சரியில் பல ஆண்டுகள் மருந்து கலந்தவள் நான்" என்று விடையளித்தேன்.

"பொம்பளை கம்பவுண்டரா! அடேயப்பா. அதுக்கு ஏன்க்கா மேடையில பேசுற மாதிரி பேசுறீங்க? இந்தாங்க, கடலை தின்னுங்க கம்பவுண்டரக்கா."

அந்தப் பட்டப்பெயர் அன்று பொழுது சாய்வதற்குள் விடுதி முழுவதும் பரவிவிட்டது. சமையல்கார அம்மாள்கூட என்னை அப்படித்தான் அழைத்தாள்.

என் வரலாற்றை நீ அறிவாய். ஆயினும் மீண்டும் சொல்கிறேன். நீ கைவைத்தது எதன்மேல் என்பதை இப்போதாவது நீ உணர வேண்டும். என் தந்தை நகரத்து டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்தார். அவருக்குக் கண் மங்கியபோது, அளவுக்குவளையின் கோடுகளைப் படித்துச் சொல்ல நான் கூடப் போனேன். அவர் காலமான பின் அவர் நின்ற இடத்தில் நானே நின்றேன். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்லேன் நான். ஆங்கில எழுத்துகளை மருந்துப் புட்டிகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துக் கற்றேன்; தமிழைக் கையில் கிடைத்த அச்சுத்தாளெல்லாம் படித்துக் கற்றேன்.

நோயாளிகள் அவரவர் வீட்டுப் புட்டியைக் கொண்டுவருவார்கள். தைலப் புட்டி, அத்தர்ப் புட்டி, ஒருமுறை சாராயப் புட்டியும் வந்தது. அதைக் கழுவி, கலவையை ஊற்றி, காகிதப் பட்டை ஒன்றைப் பல் பல்லாக வெட்டிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்தறியாதவரும் அதைப் பார்த்துக் குடிப்பார். குவளையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, மருந்தின் மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பதே என் வாழ்க்கையாயிருந்தது. கண்ணாடி காட்டியதை நான் ஒருநாளும் ஐயுற்றதில்லை. மனிதரின் முகங்களை நான் கண்டது குறைவு. சுவரில் வெட்டிய சிறு சாளரத்தின் வழியே உள்ளே நீளும் கைகளைத்தான் கண்டேன்.

டாக்டரின் மகன் சென்னையில் படித்துப் பட்டம் பெற்று வந்தார். வந்ததும் தேர்வில் தேறிய கம்பவுண்டர் ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். "சர்டிபிகேட் உள்ள ஆளை வைக்கிறதுதாம்மா முறை. நீங்க புட்டி கழுவிக்கிட்டு இருங்க. சம்பளத்தைக் குறைக்க மாட்டேன்" என்றார், கொடை வழங்குபவரைப்போல. புதிதாக வந்தவர் ஒட்டிய காகிதப் பற்கள் அத்தனையும் கோணல். அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அன்றே வெளியேறினேன். கம்பவுண்டர் தேர்வெழுத வழி கேட்டுப் போன இடத்தில் பள்ளிச் சான்று கேட்டார்கள். நம் பள்ளியின் வெள்ளைக்கார ஸிஸ்டர் ஒருவர்தாம் சான்று கேட்கவில்லை. ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். ஒரு கணக்குப் போடச் சொன்னார். பிறகு தமது தமிழில், "உனக்குத் தெரிந்தது எல்லாம் வாசலில் வை. இங்கே நீ மருந்து கலக்காது. நோயாளியைப் பார்க்கும்" என்றார்.

வாசலில் வைப்பது எளிதாயிருக்கவில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் உறக்கத்திலும் சொல்லக்கூடிய நான், முதல் வாரம் முழுவதும் மலச்சட்டி ஏந்தினேன். கட்டில் விரிப்பின் மூலையை உறைபோல மடிக்கத் தெரியாமல், என் வயதில் பாதியுள்ள பெண்கள் முன்னிலையில் திட்டு வாங்கினேன். எழுந்து உட்கார இயலாத மூதாட்டி ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கச் சொன்னபோது எனக்குக் கை கூசியது. அதுவரை எந்த நோயாளியையும் நான் தொட்டதில்லை. எதிர்ப்பக்கம் நின்ற நீ தணிந்த குரலில் சொன்னாய்.

"அக்கா, அது புட்டி இல்ல, மனுசி. கழுத்துக்குக் கீழ கையைக் குடுங்க. ஆங்... அம்புட்டுத்தான். இதுக்குப் போயி இப்படி வேர்க்குது உங்களுக்கு."

அந்த வாரத்தின் முடிவில் நான் பெட்டியைக் கட்டினேன். நீ வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய்.

"தூக்குங்க பாப்போம். என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க."

"எழுந்திரு. எனக்கு இது ஒத்துவராது. என் மதிப்பு இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை."

"எனக்குத் தெரியுதுல்ல? நான் எங்க அண்ணன்ட்ட மல்லுக்கட்டி இங்க வந்திருக்கேன். நீங்க என்னடான்னா, ஒரு மலச்சட்டிக்குப் பயந்து ஓடுறீங்க. இம்புட்டு ரோசம் ஒடம்புக்கு ஆகாதுக்கா."

நான் தங்கினேன். உன்னால் தங்கினேன் என்பதை மறுக்க மாட்டேன். என் கோபத்திற்கு அதுவும் ஒரு காரணம். பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து என்னை நிறுத்தியவளுக்கு, பாதியில் என்னை விட்டுப்போக என்ன உரிமை?

உன் அண்ணனின் கெடுவைப் பற்றி நீ என்னிடம் சொன்னதும் அந்த நாட்களில்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீடு உன்னுடையது. தாய் தந்தை இல்லை. அண்ணன் வைத்ததே சட்டம். "கடைசி வருசத் தைக்குள்ள பரீட்சை எழுதி முடிச்சுட்டு வந்தா நீ நர்சு. தள்ளிப்போச்சுன்னா மாமன் மகனுக்குக் கழுத்த நீட்டிரணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீ அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாய். ஆனால் விடுதியில் எவளாவது நோயில் படுத்துவிட்டால் உன் முகம் இருண்டுவிடும். நம் பள்ளியின் விதி அப்படி. நோயில் படுத்த நாட்கள் பயிற்சிக் கணக்கில் சேரா. அவற்றை முடிவில் ஈடுசெய்த பின்பே தேர்வுக்கு விடுவார்கள். கூடப் படித்தவர்கள் எழுதிப் போய்விடுவார்கள். படுத்தவள் அடுத்த குழுவோடு காத்திருக்க வேண்டும். உனக்கோ காத்திருக்கப் பொழுதில்லை.

கடைசி ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் விடுதியில் டைபாய்டுக் காய்ச்சல் பரவிற்று. வேலைக்குப் போகுமுன் எல்லாப் பெண்களுக்கும் காலையில் உடல்சூடு பார்க்க வேண்டுமென்று ஸிஸ்டர் உத்தரவிட்டார். அதைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். "கம்பவுண்டர் கண் நல்ல கண்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதைக் கேட்டு முதலில் கைதட்டியவள் நீ.

விடுதித் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தெர்மாமீட்டரை நாவின்கீழ் வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகப் பிடித்து நான் எண்ணைச் சொல்வேன். என் கண் பிழைத்ததில்லை. நீ மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில் வருவாய். உன் முறை நெருங்கும்போது தண்ணீர்ப் பானைப் பக்கம் போவாய்.

"வாய் கொப்பளிச்சுட்டு வாரேன்க்கா."

ஈர உதடுகளோடு வந்து நிற்பாய். பாதரசம் எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டிலேயே நிற்கும். நான் எண்ணைச் சொல்வேன். நீ சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவாய். உன் கண்கள் சிவந்திருந்தன. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாய். படியேறும்போது கைப்பிடியைப் பற்றினாய். கேட்டேன். "ராப்பூரா படிப்புக்கா, தூக்கமில்ல" என்றாய். கண்ணாடி ஒன்றுமில்லை என்று சொன்னதால் நானும் ஒன்றுமில்லை என்று நம்பினேன்.

ஒருநாள் நண்பகலில் டைபாய்டு நோயாளி ஒருத்திக்கு நாம் இருவரும் உடல் துடைத்துக்கொண்டிருந்தோம். தொட்டித் தண்ணீர் சில்லென்றிருந்தது. துணியை நனைக்க நானும் கைவிட்டேன், நீயும் கைவிட்டாய். அந்தக் குளிர்ந்த நீருக்குள்ளேயே உன் கை என் கையைச் சுட்டது.

துடைத்து முடித்தோம். பிறகு உன் மணிக்கட்டைப் பற்றித் துணிகள் அடுக்கும் அறைக்குள் இழுத்துப் போனேன். நீ திமிறினாய். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பாதரசம் நூற்றுமூன்றைத் தாண்டி நின்றது.

"எத்தனை நாளாய்?"

"விடுங்கக்கா. பரீட்சை முடியட்டும். நானே போயிப் படுத்துக்கிறேன்."

"அதுவரை உன் குடல் பொறுக்குமா? இந்தக் காய்ச்சலோடு நடமாடினால் குடல் கிழியும் என்று வகுப்பில் எழுதினாயே, அது யாருக்கு எழுதியது?"

"படுத்தா அண்ணன் வந்துரும்க்கா. உங்களுக்குத் தெரியாதா?" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டாய். "நீங்கதான் கம்பவுண்டராச்சே. காய்ச்சல் மட்டும் இறங்குற மாதிரி ஏதாச்சும் கலந்து குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"கலக்கத் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன். இதற்கு எந்த அலமாரியிலும் மருந்தில்லை. அசையாத படுக்கையும், துடைக்கும் கையும், கஞ்சித் தண்ணீரும்தான் மருந்து. அதைத்தானே இங்கே நாள்தோறும் செய்கிறோம்?"

"அப்ப வாயை மூடிக்கிட்டாவது இருங்க."

"காலையில் எப்படி என்னை ஏமாற்றினாய்?"

நீ சிரித்தாய். காய்ச்சலில் உலர்ந்த உதட்டோடு நீ சிரித்த அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன். "பச்சத்தண்ணிய வாயில வச்சுக்கிட்டே நிப்பேன். நீங்க கண்ணாடியத்தான பாப்பீங்க? மூஞ்சியவா பாப்பீங்க?"

என் தந்தை அளவு பிழைத்ததற்காக என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. டாக்டரின் மகன்கூடச் சான்றில்லை என்றுதான் சொன்னார். அளவு தவறென்று சொல்லவில்லை. நீ ஒருத்திதான் என் வாயாலேயே, என் கண்ணாலேயே, காலைதோறும் பொய்யைச் சொல்ல வைத்தாய். எனக்கு எதில் பெருமையோ அதையே நீ கருவியாக்கிக்கொண்டாய். உன்னைக் கொல்வதற்கு என்னைக் கருவியாக்கிக்கொண்டாய் என்றும் சொல்வேன். கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும்.

நான் கதவைத் திறந்தேன். எங்கே போகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை என்னை 'நீங்க' என்று அழைத்தவள், அன்று அதையும் விட்டுவிட்டாய்.

"போ. போயிச் சொல்லு. நீயெல்லாம் புட்டியோடயே இருந்திருக்கணும். மனுசங்க கிட்ட வந்திருக்கவே கூடாது."

நான் ஸிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சொன்னது சரி. இன்றும் சொல்வேன், நாளையும் சொல்வேன். ஸிஸ்டர் அப்போதே உன்னைப் படுக்கையில் கிடத்தி, டாக்டரை அழைத்தார். பிறகு என்னிடம், "காலையில் பார்த்தது யார்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். ஏன் மறைத்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நோயைச் சொன்னவளுக்குத் தண்டனையும் மறைத்தவளுக்குப் பரிசும் வைக்கும் ஒரு விதியைத் தாங்கள்தாம் எழுதி மாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

உன்னைக் கவனிக்க என்னை விடும்படி வேண்டினேன். தட்டோடு உன் அறைக்கு வந்தேன். நீ, "இவங்க வேண்டாம் ஸிஸ்டர்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அவ்வளவுதான். அதன்பின் நீ என்னோடு பேசவில்லை. பார்லிக் கஞ்சியை நான் காய்ச்சி வேறொருத்தி கையில் கொடுத்தனுப்பினேன். யார் காய்ச்சியது என்று சொல்ல வேண்டாமென்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னால் நீ குடிக்க மாட்டாய். உன் விரிப்புகளையும் துணிகளையும் லைசால் நீரில் ஊறவைத்து நானே துவைத்தேன். ஒருநாள் அத்துணியில் இரத்தம் கண்டேன். அதன் பொருள் எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் பிற்பகல் நீ போய்விட்டாய். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். நீ கூப்பிடவில்லை.

உன் அண்ணன் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். நீ நடித்துக் காட்டிய முரடரை எதிர்பார்த்திருந்தேன். மெலிந்த ஒரு மனிதர், தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து நின்றார்.

"இம்புட்டு நர்சுக இருக்கீகளே. எந்தங்கச்சிக்கு ஒடம்பு சுட்டத ஒருத்தியுமா பாக்கல?"

நான் முன்னால் போனேன். "உங்கள் தங்கை காய்ச்சலை மறைத்தாள். நீங்கள் வைத்த கெடுவுக்கு அஞ்சி மறைத்தாள். படுத்தால் படிப்பு தள்ளிப்போகும், தள்ளிப்போனால் நீங்கள் வந்து இழுத்துப் போவீர்கள் என்று நடந்துகொண்டே இருந்தாள்" என்றேன். ஸிஸ்டர் என் தோளைத் தொட்டுத் தடுத்தார். நான் நிறுத்தவில்லை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "கெடுவா?" என்றார். "அது சும்மா வெரட்டுறதுக்குச் சொன்னதும்மா. படிப்புல கவனமா இருக்கட்டுமேன்னு சொன்னது. மாமன் மகனுக்குப் போன வைகாசியிலயே வேற எடத்துல முடிச்சாச்சே. நானா எந்தங்கச்சிய இழுத்துக்கிட்டுப் போவேன்?"

சும்மா சொன்னாராம்! வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பெண்களெல்லாம் அழுதார்கள். நான் அழவில்லை. அவர் அழுகையைக் கண்டு என் உள்ளம் இளகவும் இல்லை. ஒருவர் சும்மா ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறார். ஒருவர் சும்மா ஒரு விதியை எழுதியிருக்கிறார். நீ ஒருத்திதான் எல்லாவற்றையும் மெய்யென்று எடுத்துக்கொண்டாய். கல்யாணம் முடிந்துபோன மாப்பிள்ளைக்குப் பயந்து செத்திருக்கிறாய். அதை உன்னிடம் சொல்லி உன்னைத் திட்ட முடியாமல் போயிற்றே என்பதுதான் அன்று என் ஆற்றாமை.

தை பிறக்குமுன் தேர்வு நடந்தது. நான் எழுதித் தேறினேன். டாக்டரின் மகன் கேட்டது கம்பவுண்டர் சான்று; இன்று என் பெட்டிக்குள் இருப்பது நர்ஸ் சான்று. கம்பவுண்டராயிருந்ததை விட்டு வந்ததற்கு நான் வருந்தவில்லை. சாளரத்துக்கு அப்பாலிருந்து மருந்தை நீட்டுவது எளிய வேலை. அதைக் குடிப்பவளின் அருகே விடியும்வரை உட்காருவதே கடினம். அதற்கே நான் தகுதியானவள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆண்டுகள் சென்றன, யுத்தம் வந்து போயிற்று. நான் வார்டுப் பொறுப்பிலும் பயிற்சிப் பெண்களின் விடுதிப் பொறுப்பிலும் இருக்கிறேன். ஸிஸ்டர் மாறிவிட்டார். அந்த விதி மட்டும் மாறவில்லை.

அதை நீக்கும்படி புதிய ஸிஸ்டரிடம் பலமுறை வாதாடினேன். "எல்லாருக்கும் பொதுவான விதி" என்றார். கடைசியில் ஒருநாள், "நல்லது. விதி இருக்கட்டும். காய்ச்சலில் படுக்கும் பெண்ணின் வேலையை என் வேலைக்கு மேலாக நான் செய்கிறேன். அவள் இடம் காலியாக இருக்காது. காலியில்லாத இடத்துக்கு எந்த நாளைக் கழிப்பீர்கள்?" என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையென்றார். வழக்கத்தை யாராவது தொடங்கத்தானே வேண்டும் என்றேன். நெடுநேரம் வழக்காடினோம். ஆள் பற்றாக்குறை அவரையும் நெருக்கியது. "உன் உடம்பு, உன் பாடு" என்று விட்டுவிட்டார். மற்ற நர்ஸ்கள் எனக்குத் திமிர் என்கிறார்கள். பெண்கள் என்னைக் கண்டு அஞ்சுகிறார்கள்; சுடுமூஞ்சி அக்கா என்று பின்னால் அழைப்பதும் என் காதில் விழுந்திருக்கிறது. விழட்டும். காலையில் எவளுக்கும் முதலில் தெர்மாமீட்டரை நான் வைப்பதில்லை. முகத்தைப் பார்க்கிறேன், கழுத்தில் புறங்கையை வைக்கிறேன், பிறகுதான் கண்ணாடி.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கையில் பொழுது விடிந்துவிட்டது. சற்று முன் யாரோ கதவைத் தட்டினார்கள். இந்த ஆண்டு சேர்ந்த பெண், செக்கானூரணிப் பக்கத்தவள், கம்பளியைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வையாதீங்க. ராத்திரிப் பிடிச்சுக் காய்ச்சல் அடிக்குதுக்கா."

வையத்தான் செய்தேன், இரவே ஏன் வந்து எழுப்பவில்லை என்று. பிறகு அவளைப் படுக்க வைத்து, டாக்டருக்குச் சொல்லியனுப்பி, கஞ்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். பார்த்தாயா? அவ்வளவு சிறிய சொல்தான் அது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, நடுங்கிக்கொண்டே, ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

மணி அடிக்கிறது. அவளுடைய வார்டுக்குப் போக வேண்டும். இன்று அவள் இடத்தில் நான் நிற்கிறேன். உன் இடத்திலும் நின்றிருப்பேன், எத்தனை நாளானாலும். நீ கேட்கவில்லை.